வீட்டு இருட்டறையில் கலர் பிரிண்ட்: ரசாயனம் பற்றிக் கேட்டவை

கலர் நெகட்டிவிலிருந்து ஆர்ஏ-4 (கலர் பிரிண்டுக்கான ரசாயன முறை) காகிதத்தில் பிரிண்ட் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டெவலப்பர் (காகிதத்தில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்) கிட்டில் ஏ, பி, சி என மூன்று பாட்டில்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக ஊற்றிவிட்டு மேலே தண்ணீர் விட்டால் போதாதா?

பதில்: கூடாது. முதலில் தண்ணீர். தேவையான மொத்த அளவில் முக்கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக்கொண்டு ஏ-வை விட்டு நன்றாகக் கலக்குங்கள். அது முழுவதும் கரைந்த பிறகு பி, அதற்குப் பிறகு சி. கடைசியில் தண்ணீர் விட்டு அளவைச் சரிசெய்யுங்கள். பொதுவாக பி-யில்தான் நிறத்தை உண்டாக்கும் டெவலப்பிங் பொருளான சிடி-3 அமிலக் கரைசலாக இருக்கும். சி என்பது கடுமையான காரம். இரண்டும் செறிவாகவே சந்தித்தால் சிடி-3 கரைசலிலிருந்து பிரிந்துவிடும், மறுபடி கரைப்பது பெரும்பாடு. உங்கள் கிட்டின் தாளில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: 10 லிட்டருக்கான கிட் என்னிடம் இருக்கிறது. ஒரு லிட்டர் மட்டும் கலக்கலாமா?

பதில்: தாராளமாக. ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சரியாகப் பத்தில் ஒரு பங்கு எடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்கு நல்லது, ஆனால் ஏ, பி, சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்து மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். திறந்த பாட்டில்களில் முதலில் கெடுவது பி-தான், காற்றுதான் அதற்கு எதிரி. மீதியைச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடி வைக்கலாம். கலக்கிய டெவலப்பருக்கும் இதே வழிதான். அது கருந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: சார், என் பிரிண்டில் ஒரு நாள் பச்சை சாயல், மறுநாள் சிவப்பு. பில்டரை மாற்றி மாற்றியே காகிதம் தீர்ந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: இப்படி எழுதியவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரிண்ட் போடும் ஒளியின் நிறத்தை மாற்றும் பில்டரைத் தொடும் முன் ரசாயனத்தைச் சோதியுங்கள். இரண்டு சின்னக் காகிதத் துண்டுகள் போதும். ஒன்றை அறை விளக்கில் சில விநாடிகள் காட்டுங்கள். மற்றொன்றில் துளி வெளிச்சமும் படக்கூடாது. இரண்டையும் ஒன்றாக இருட்டிலேயே முழு வரிசையில் (டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப் பாத், காகிதத்திலுள்ள வெள்ளியை அகற்றும் பிளிக்ஸ்) கழுவி எடுங்கள். வெளிச்சம் பட்டது அழுத்தமான, எந்தச் சாயலும் இல்லாத கறுப்பாக வர வேண்டும். படாதது சுத்தமான வெள்ளையாக நிற்க வேண்டும். கறுப்பு பழுப்பாகவோ நீலமாகவோ வந்தால் டெவலப்பர் வலுவிழந்திருக்கிறது, அல்லது நேரமோ வெப்பமோ போதவில்லை. வெள்ளையில் கறை இருந்தால் கரைசல்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். காகிதமே பழையதாகவும் இருக்கலாம், புதுப் பெட்டியில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டும் சரியாக வந்த பிறகுதான் பில்டர். பிரிண்டில் எந்தச் சாயல் தூக்கலாக இருக்கிறதோ அதே நிற பில்டரைக் கூட்ட வேண்டும். மஞ்சள் தூக்கலானால் மஞ்சளைக் கூட்டுங்கள். சிவப்பானால் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) இரண்டையும் கூட்டுங்கள். பச்சையானால் மெஜந்தாவைக் குறையுங்கள். சியான் (நீலப்பச்சை) பில்டரைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், ஈரப் பிரிண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஈரத்தில் நீலம் பூத்தது போலத் தெரியும். ஹேர் டிரையரில் காயவைத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: டெவலப்பருக்குச் சொல்லும் 35 டிகிரியை டிரேயில் என்னால் நிறுத்தி வைக்க முடியவில்லை.

பதில்: 35 டிகிரியில் 45 விநாடி என்பது இயந்திரங்களுக்கான கணக்கு. டிரேயில் 24 டிகிரி வாக்கில் 2 நிமிடம் வைத்தும் நல்ல பிரிண்ட் எடுக்கலாம். ஆர்ஏ-4 காகிதம் கிட்டத்தட்ட முழுமையாகும்வரை டெவலப் ஆவது, அதனால் ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்கினால் தாங்கும். உங்கள் டெவலப்பருக்கு எவ்வளவு நேரம் என்று அறிய, வெளிச்சம் காட்டிய துண்டுகளை 1½, 2, 2½, 3 நிமிடம் என வைத்துப் பாருங்கள். கறுப்பு எங்கே மேலும் கறுக்காமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் நேரம். பிறகு அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: ஸ்டாப் பாத் அவசியமா? கிட்டின் தாளில் டெவலப்பருக்குப் பிறகு நேராக பிளிக்ஸ் என்றுதான் இருக்கிறது.

பதில்: இயந்திரத்தில் உருளைகள் டெவலப்பரைப் பிழிந்து எடுத்துவிடும். நம் கையில் அது நடக்காது. காகிதத்தில் ஒட்டிய டெவலப்பர் பிளிக்ஸுக்குள் போனால் கோடும் இளஞ்சிவப்புக் கறையும் வரும், பிளிக்ஸும் சீக்கிரம் கெடும். 1 சதவீத அசெட்டிக் அமிலம் போதும். 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். அரை நிமிடம் வைத்து, வடியவிட்டு, பிறகு பிளிக்ஸ்.

கேள்வி: பிளிக்ஸ் ஒரு துளி டெவலப்பரில் விழுந்துவிட்டது. பரவாயில்லையா?

பதில்: கொட்டிவிடுங்கள். நான் ஒரு முறை பிளிக்ஸ் கலக்கிய குச்சியை அலசாமல் டெவலப்பரில் விட்டு, கலக்கி முடித்த ஒரு லிட்டர் முழுவதையும் இழந்தேன். அன்றிலிருந்து டெவலப்பருக்குத் தனிக் குவளை, தனிக் குச்சி, தனி டிரே. டிரேக்குப் பதில் டிரமில் (மூடியுள்ள உருளைக் கலம்) செய்கிறவர்கள் ஒவ்வொரு பிரிண்டுக்கும் பிறகு டிரமையும் மூடியையும் பல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். மூடியின் உள்மடிப்பில்தான் பிளிக்ஸ் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: கையுறை இல்லாமல் செய்யலாமா, அண்ணா? கறுப்பு வெள்ளை செய்தபோது போட்டதில்லை.

பதில்: தயவுசெய்து போடுங்கள். சிடி-3 போன்றவை தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. ஒரு முறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் அரிக்கும், இந்த வேலையையே விட வேண்டியிருக்கும். நைட்ரைல் கையுறை, கலக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: பயன்படுத்திய எல்லாவற்றையும் ஒரே கேனில் சேர்த்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். டெவலப்பர் காரம், பிளிக்ஸில் அமோனியம் உப்புகள். இரண்டும் சேர்ந்தால் அமோனியா வாயு கிளம்பும், மூடிய அறையில் மூச்சுத் திணறும். தனித்தனிக் கேன்களில் வையுங்கள். பழைய பிளிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கும், அதை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வசதியுள்ள போட்டோ லேபில் கொடுங்கள்.