வேகம் கூடினால் ஸ்போர்ட்ஸ் கார் இரைகிறது, 100ல் ஸ்டீயரிங் நடுங்குகிறது: வீல் பேரிங்கை மாற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ரியர் வீல் டிரைவ் (எஞ்சின் பின்சக்கரங்களைச் சுற்றும்), இரண்டு இருக்கை வண்டி. 80 தாண்டியதும் பின்பக்கமிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி வேகத்தோடு ஏறுகிறது. 100 முதல் 115 வரை ஸ்டீயரிங் நடுங்குகிறது, அதற்கு மேல் போனால் நடுக்கம் குறைகிறது. இரண்டு முறை வீல் பாலன்ஸிங் செய்தும் பலன் இல்லை. அடுத்து பேரிங்கை மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஏறக்குறைய இதே தொல்லையோடு என் வண்டி ஐந்து மாதம் என்னை அலைய விட்டது. பின்பக்க பேரிங் இரண்டையும் மாற்றினேன். இரைச்சல் கொஞ்சம்கூடக் குறையவில்லை. ‘எந்தப் பாகம் கெட்டிருக்கும்’ என்று யோசித்ததுதான் நான் செய்த தப்பு. ‘இந்தச் சத்தம் எதனோடு சேர்ந்து சுற்றுகிறது’ என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: இரைச்சலும் நடுக்கமும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்று நினைத்துவிட்டேன். என் வண்டியில் அவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் வீல் நட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று டார்க் ரெஞ்ச் (நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) வைத்துப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் எங்காவது வீக்கம் தெரிகிறதா என்று உள்பக்கமும் குனிந்து பாருங்கள். நடுக்கம் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் சோதனை ஓட்டமே வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுங்கள். நட் தளர்ந்த சக்கரமும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

சரி, அது எல்லாம் ஒழுங்கு என்றால் ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, வழவழப்பான சாலை ஒன்று வேண்டும். 100ல் நடுக்கம் நன்றாகத் தெரியும்போது டாப் கியரிலிருந்து ஒரு கியர் இறக்கி, அதே 100ஐப் பிடியுங்கள். எஞ்சினின் சுற்று ஏறிவிடும், ஆனால் சக்கரத்தின் சுற்று மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சின், கிளட்ச் பக்கம் போகவே தேவையில்லை. அடுத்து நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். நியூட்ரலிலும் சத்தம் அதே அளவில் தொடர்ந்தால் டயர், ரிம், பேரிங், ஷாஃப்ட் ஆகியவற்றில் ஒன்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்றால் டிஃபரென்ஷியல், அதாவது எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. வேகம் எடுக்கும்போது மட்டும் உடம்பு சிலிர்ப்பதுபோல் ஒரு உதறல் வந்து, சீரான ஓட்டத்தில் மறைந்தால், டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.

பேரிங்கை மாற்றும் முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையை நான் செய்யவில்லை. பின்னால் செய்த பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது, சுற்றுகளைக் கணக்குப் போடுவது. கஷ்டமான கணக்கு இல்லை.

225/45, 17 அங்குல டயர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 27.8 மீட்டர் ஓடுகிறது. ஆக சக்கரம் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. டிஃபரென்ஷியல் விகிதம் 4.1 என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 57 முறை சுற்றும். அந்த 4.1 என்பது 41 பற்களும் 10 பற்களும் கடித்துக்கொள்வதால் வருகிறது என்றால், பற்கள் நொடிக்கு 570 முறை மோதும்.

இப்போது உங்கள் உடம்பையும் காதையும் கேளுங்கள். நொடிக்கு 14 என்பது கையில் தெரியும் ஆட்டம், காதில் கேட்காது. ஸ்டீயரிங் விளிம்பு இடமும் வலமும் படபடக்கும். 57 என்பது ரீங்காரம். இருக்கையின் அடியில் உறுமல்போல் வரும், உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கித் தெரியும். 570 என்பது தெளிவான ஊளை, வாயால் அதே சுருதியில் முனகிக் காட்டிவிடலாம். ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொள்ள இடமே இல்லை. போனில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து அளக்கச் சொன்னால் எண்ணாகவே கிடைக்கும். ஓட்டும்போது நீங்கள் போனைத் தொட வேண்டாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் கியரில் (பல ரியர் வீல் டிரைவ் வண்டிகளில் நான்காவது, சிலவற்றில் ஐந்தாவது அல்லது ஆறாவது) எஞ்சினும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே சுற்றில் ஓடும். அந்தக் கியரில் அளந்தால் இரண்டில் குற்றவாளி யார் என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் கியரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்களுக்கு நடுங்குவது ஸ்டீயரிங். ஆக முன்சக்கரம், நொடிக்கு 14ஐ ஒட்டிய ஆட்டம். 115 தாண்டினால் குறைவதற்கும் காரணம் உண்டு. ஸ்பிரிங்கிலும் டயரின் நெகிழ்விலும் தொங்கும் சக்கரத்துக்கு என்று ஓர் இயல்பான துள்ளல் உண்டு, பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை. சக்கரத்தின் சுற்றும் அந்தத் துள்ளலும் ஒன்றாகும் இடத்தில் ஆட்டம் பெருக்கெடுக்கும், தாண்டிவிட்டால் அடங்கும். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் உயர்வதும், தாளம் தப்பினால் அடங்குவதும்போலத்தான். நடுக்கம் அடங்கியதே என்று கோளாறு போய்விட்டதாக எண்ண வேண்டாம். எடை சமமாக இல்லாததால் வரும் இழுப்பு வேகத்தின் வர்க்கமாக (வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு) கூடிக்கொண்டேதான் போகும்.

அப்படியானால் இரண்டு முறை பாலன்ஸிங் செய்தும் ஏன் போகவில்லை? என்னை அதிகம் குடைந்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் வண்டியில் இருந்தது கம்பெனி ரிம் இல்லை, வெளியில் வாங்கியது. வெளி ரிம்களைப் பல வண்டிகளுக்கும் பொருந்துமாறு நடுத்துளையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டராக, வைத்துச் செய்கிறார்கள். சக்கரம் மாட்டும் நடுக்குமிழான என் ஹப்போ 67.1. சுற்றிலும் இருக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் வளையம் நிரப்ப வேண்டும். அந்த வளையம்தான் சக்கரத்தை ஹப்பின் நடுவில் உட்காரவைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது முன்சக்கரத்தைக் கழற்றியபோது அந்த வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. நகத்தால் நெம்பியதும் மூன்று துண்டாகக் கையில் விழுந்தது. ஒரு துண்டின் விளிம்பு மெழுகுபோல் உருகி, வழிந்து, இறுகிப்போயிருந்தது. பிரேக் சூடு. வேகமாக ஓட்டி, அழுத்திப் பிரேக் பிடிக்கும் வண்டியில் ஹப் எவ்வளவு கொதிக்கும் என்று அந்தத் துண்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

பாலன்ஸிங் மெஷின் இதைக் கண்டுபிடிக்காது. அது ரிம்மைக் கூம்பு வைத்து நடுத்துளையில் பிடிக்கிறது. மெஷினில் சக்கரம் மிகச் சரியாக நடுவில் சுற்றும், திரையில் பூஜ்யம் காட்டும். வண்டியில் மாட்டினால் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டா என்று தோன்றும். டயரும் ரிம்மும் சேர்ந்து 20 கிலோ என்றால், அரை மில்லிமீட்டர் விலகல் ரிம் விளிம்பில் 46 கிராம் எடையை ஒட்டியதற்குச் சமம். 100 வேகத்தில் அது 8 கிலோ இழுப்பு, நொடிக்கு 14 முறை. கை உதறாமல் என்ன செய்யும்?

பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினிய வளையம் போட்டேன். ஹப் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்தேன். சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிற்கும்போதே நட்டுகளைக் கையால் மாற்றி மாற்றி, எதிரெதிராக இறுக்கினேன். பிறகு இறக்கி, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடித்தேன். அன்று மாலை 110ல் ஸ்டீயரிங்கில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு போன சுகத்தை என்னவென்று சொல்வது!

உங்களுடையது கம்பெனி ரிம்மாக இருந்தால் வளையம் காரணமாக இருக்க முடியாது. அப்போது ரிம் வளைந்திருக்கிறதா என்று டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள், உள்பக்க விளிம்பையும் சேர்த்து. பார்வைக்கு அழகாக இருக்கும் ரிம் உள்விளிம்பில் நசுங்கியிருப்பது சகஜம், பக்கச் சுவர் குட்டையான டயர் பள்ளத்தின் அடியை நேராக ரிம்முக்குக் கொடுத்துவிடுகிறது. பாலன்ஸிங்குக்காக ரிம்மில் ஒட்டும் எடைகளின் பசை பிரேக் சூட்டில் விட்டு எடை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், விழுந்திருந்தால் பசைத் தடம் தெரியும். பந்தயத் தளத்தில் ஓட்டி வந்தீர்கள் என்றால் டயரில் ஒட்டிய ரப்பர் உருண்டைகளே நடுக்கத்துக்குப் போதும்.

இனி இரைச்சல். பேரிங்கா டயரா என்பதுதான் இதில் பெரும்பாலும் வழக்கு. பேரிங்கின் இரைச்சல் சாலையைப் பார்ப்பதில்லை, கரடுமுரடான தாரிலும் வழவழப்பான கான்கிரீட்டிலும் ஒரே குரல். டயரின் குரல் சாலைக்குச் சாலை மாறும். நீண்ட வளைவு ஒன்றில் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் ஏறும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகப்படலாம், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடதை. இது எப்போதும் பொய்க்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரும்பாலும் வழிகாட்டும்.

என் மெக்கானிக் காட்டிய சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஒரு கையின் விரல்நுனிகளைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் மெதுவாக வைத்தார். மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு மணலை அரைப்பதுபோல் ஒரு நறநறப்பு வரும். காதுக்கு எட்டாததும் விரலுக்கு எட்டிவிடும். என் வண்டியில் புதிதாகப் போட்ட பேரிங் மட்டுமல்ல, எடுத்துத் தூரப் போட்டிருந்த பழைய பேரிங்கும் கையில் சுற்றிப் பார்த்தபோது பட்டுப்போல் ஓடியது.

குற்றவாளி டயர். பின் டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றும் திசையில் தடவினேன், வழவழவென்று போனது. எதிர்த்திசையில் தடவினேன், ரம்பத்தின் பல்லில் கை பட்டதுபோல் டயர் முகத்தின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையின் விளிம்பும் உறுத்தியது. அப்படி அறுபத்துச் சொச்சம் கட்டைகள் ஒரு சுற்றில் தரையை அறைந்தால், 100 வேகத்தில் நொடிக்குத் தொள்ளாயிரம் அறை. பேரிங் இரைச்சலென்று நான் சத்தியம் செய்த சத்தம் அதுதான். மூல காரணம், பின்சக்கரங்களின் டோ அளவு (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) தப்பியிருந்தது. வண்டியின் உயரத்தைத் தாழ்த்தியவர்கள் அலைன்மென்ட் பார்க்காமலே விட்டிருந்தார்கள். அலைன்மென்ட்டைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் ரம்பமாகிவிடும், அதனால் அலைன்மென்ட்தான் முதலில்.

வழக்கமான காரில் முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு, சத்தம் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் கார் பலவற்றில் முன்னும் பின்னும் வேறு அளவு, அதனால் அந்த வழி அடைத்துவிடுகிறது. நம் கையில் மிஞ்சுவது உள்ளங்கையும் சாலை மாற்றமும்தான்.

வண்டியைத் தாழ்த்தியிருந்தால் டிரைவ் ஷாஃப்ட்டுகள் நிற்கும் கோணமும் மாறியிருக்கும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். காற்றுச் சத்தம் என்ற சந்தேகம் இருந்தால் கதவு இடுக்கு, சைடு மிரர் அடி என ஒவ்வொன்றாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், எந்த டேப்புக்கு அடங்குகிறதோ அதுதான் இடம்.

உங்கள் டயர் அளவு, டிஃபரென்ஷியல் விகிதம், ரிம் கம்பெனியுடையதா வெளியில் வாங்கியதா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். நியூட்ரல் சோதனையில் என்ன கேட்டது என்பதையும் சேர்த்து எழுதினால் 100 வேகத்துக்கான எண்களை உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.