பதினைந்து வயது மகளுக்கு முதல் ரெக்கார்ட் பிளேயர்: எதைப் பார்த்து வாங்குவது?

குன்னூரில் வசிக்கும் தாங்கள், மகளின் பிறந்தநாளுக்குப் பெட்டி வடிவில் ஸ்பீக்கருடன் வரும் மலிவான ரெக்கார்ட் பிளேயர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் கருத்து. அவற்றில் பெரும்பாலும் பொருத்தப்படும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறு பகுதி) ஏறத்தாழ 5 கிராம் விசையுடன் இசைத்தட்டை அழுத்துவதால், ஒலி பதிந்த பள்ளங்கள் விரைவில் தேய்கின்றன. ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் அதிர்வும் முள்ளை எட்டி ஒலியைக் கலங்கச் செய்கிறது. சுமார் 2 கிராமில் இயங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜும், முள்ளை மட்டும் தனியே மாற்றும் வசதியும், உள்ளேயே ஃபோனோ ப்ரீஆம்ப்பும் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்சமிக்ஞையைப் பெருக்கும் சுற்று) கொண்ட கருவியைத் தேடுங்கள். ப்ரீஆம்ப் இருந்தால் வீட்டிலுள்ள கணினி ஸ்பீக்கரிலேயே இணைத்துவிடலாம்.

தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் பரணில் இருந்தால், அவற்றை எல்.பி. (வழக்கமான நீண்ட நேர வினைல் தட்டு) முள்ளால் ஒலிக்கவிடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது; தனி முள் வேண்டும்.

கருவியைவிட நம் மலையின் ஈரமே எனக்குப் பெரிய கவலை. மழை மாதங்களில் அட்டை உறைகளில் பூஞ்சணம் பிடித்து, அது தட்டிலும் ஏறி, ஓயாத கரகரப்பைத் தரும். ஆகவே தட்டுகளை வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் நிமிர்த்தி வையுங்கள். குளிருக்குப் போடும் ஹீட்டரின் அருகே வைத்தால் வினைல் நெளிந்துவிடும்.