தவுக்கே கேட்கும் ஜிபிஎஸ் எண்ணும் பின்பக்கத்துப் பெலுக்காரும்

சுங்கை சிப்புட் வாசகர் கேட்கிறார்: "அப்பா விட்டுப்போன 5 ஏக்கர். 3 ஏக்கரில் 2022-இல் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டோம். குலை வாங்கும் தவுக்கே நிலத்தின் ஜிபிஎஸ் எண் கேட்கிறார், ஐரோப்பாவில் கேட்கிறார்களாம். கொடுத்தால் நிலத்துக்கு ஏதும் ஆகுமா? மரம் வெட்டியதைக் காடழிப்பு என்பார்களா? பின்பக்கம் 2 ஏக்கர் பெலுக்கார் (புதர்க்காடு), அப்பா காலத்திலிருந்தே தொடவில்லை, அடுத்த வருடம் அதையும் நடலாமா?"

எண்ணைக் கொடுங்கள், நிலம் எங்கும் போகாது. நில உரிமைப் பத்திரமான அசல் கிராண்டைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, ரப்பர், கோக்கோ போன்றவற்றைத் தன் சந்தையில் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் ஆலைகள் விவரம் கேட்கின்றன, ஏனென்றால் உங்கள் குலை ஊரார் குலையோடு கலந்துதான் போகிறது, ஒருவர் நிலம் எங்கே என்று தெரியாவிட்டாலும் மொத்த எண்ணெய்க்கும் கேள்வி வரும். எம்எஸ்பிஓ என்ற மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் இங்கே 2020 முதல் கட்டாயம்தான், ஆனால் சான்றிதழ் இருக்கிறதே என்று இந்த எண்ணை விட்டுவிட மாட்டார்கள். மலேசியா, இந்தோனேசியா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் கூட்டுப் பணிக்குழு வைத்துச் சிறுதோட்டக்காரர் சிக்கலைப் பேசியும் அந்த விதி மாறவில்லை.

4 ஹெக்டர் வரை ஒரே ஒரு புள்ளி போதும், உங்களுடையது 2 ஹெக்டர்தான். தோட்டத்துக்குள் நின்று கைப்பேசியில் எடுங்கள், தசமத்துக்குப் பின் 6 இலக்கம் வேண்டும். தவுக்கே கடை வாசலில் நின்று எடுத்தால் அந்தக் கடைதான் உங்கள் தோட்டம்!

பால்மரம் வெட்டியது காடழிப்பு ஆகாது. ரப்பர் தோட்டத்தை அந்தச் சட்டம் விவசாய நிலமாகத்தான் பார்க்கிறது. ஆனால் கிராண்டில் 'கெத்தா', அதாவது ரப்பர், என்று நிபந்தனை போட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் நில அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும், உள்ளூர்ச் சட்டப்படி விளைந்ததா என்றும் கேட்பார்கள்.

என் கவலையெல்லாம் அந்தப் பெலுக்கார்தான். அரை ஹெக்டருக்கு மேல், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கு மேல், 5 மீட்டர் உயர மரங்களும் 10 சதவீதத்துக்கு மேல் நிழலும் இருந்தால் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது காடு. அப்பா காலத்திலிருந்து வளர்ந்த 2 ஏக்கர் அதில் மாட்ட நிறைய வாய்ப்பு உண்டு. வெட்டி நட்டால் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துவிடும், ஒரே நிலமாகக் கணக்கிட்டால் நல்ல 3 ஏக்கர் குலையும் சேர்ந்து தகுதி இழக்கும்.

எம்பிஓபி-யின் (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) துனாஸ் அதிகாரியை, அதாவது சிறுதோட்டக்காரருக்கு ஆலோசனை சொல்பவரை, கூப்பிடுங்கள், எம்எஸ்பிஓ குழுவில் சேர அவர்களே வழிகாட்டுவார்கள். வரும்போது பெலுக்காரையும் நடந்து காட்டுங்கள், அதுவரை பாராங் கத்தி கொட்டகையிலேயே இருக்கட்டும்.