பேட்டரி மாற்றியாச்சு என்று சொல்லி விற்ற ஹைப்ரிட் கார்: டீலர் பொறுப்பா?

கேள்வி: மருந்து கம்பெனி பிரதிநிதியாக வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து தேனி, திண்டுக்கல் என்று தினமும் ஓட்டம். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாததால் ஏழு லட்சத்துக்குள் ஒரு ஹைப்ரிட் கார் தேடினேன். பெங்களூரில் பழைய கார் டீலர் ஒருவரிடம் 2015 மாடல் செடான் 6.80 லட்சத்துக்குக் கிடைத்தது. 6 லட்சம் பேங்க் மூலம் கொடுத்தேன், 80,000 ரொக்கம். ‘ஹைப்ரிட் பேட்டரி 2023-ல் கம்பெனியில் மாற்றியது, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மூன்றாம் மாதமே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரி மாற்றிய பதிவே இல்லை என்கிறார்கள். புது பேட்டரிக்கு எஸ்டிமேட் மூன்று லட்சத்துக்கு மேல். ‘இருக்கிற நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை டீலர் நீட்டுகிறார். பாதிச் செலவை நான் போட்டால் லோக்கலில் சரிசெய்து தருவாராம். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில் இருக்கிறது, ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில். என்ன செய்யலாம் சார்?

பதில்: முதலில் அந்த பேட்டரியை யாரும் பிரிக்கவிடாதீர்கள். டீலரின் மெக்கானிக் மட்டுமல்ல, உங்களுக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்கும் வேண்டாம். உங்கள் வழக்கின் முக்கால்வாசி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

உங்கள் கார் வந்த காலத்து ஹைப்ரிட் செடான்களில் நிக்கல் பேட்டரிதான் அதிகம். பின் சீட்டுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கிய மாட்யூல்கள், அதாவது சிறு சிறு பேட்டரித் துண்டுகள். ஒன்றிரண்டு செத்துப்போனால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு, வேறு காரிலிருந்து கழற்றியதைச் செருகி விற்பது நெடுநாளாக நடக்கும் வேலை. மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும்: சில மாட்யூல்களின் சீரியல் நம்பர் ஒரு வரிசை, நடுவில் செருகியவை வேறு வரிசை, சில செம்புப் பட்டைகள் பச்சை பூத்திருக்கும், பக்கத்துப் பட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பளபளக்கும். கம்பெனியில் மொத்தமாக மாற்றிய பேட்டரி அப்படி இருக்காது. இதை கம்பெனி சர்வீஸ் சென்டரே திறந்து படம் எடுத்து, சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு எல்லாம் போட்டு எழுத்தில் தரவேண்டும். பேட்டரி பேக் போய்விட்டால் பெரும்பாலும் ‘பி0ஏ80’ என்ற குறியீடு வரும். பேட்டரி மாற்றிய பதிவு இல்லை என்பதையும் சர்வீஸ் ஹிஸ்டரி பிரிண்டாக வாங்குங்கள். வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது.

அடுத்து அந்தத் தாள். ‘இருக்கிற நிலையில்’ என்று கையெழுத்துப் போட்டவர் சாதாரண தேய்மானத்துக்குச் சண்டை போட முடியாது. டயர் தேய்ந்திருக்கிறது, ஏசி குளிரவில்லை என்றால் உங்களை நானே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் ‘கம்பெனியில் 2023-ல் மாற்றியது’ என்பது ஒரு விவரம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும். அதே விவரம் பொய்யானால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவின்கீழ் முறையற்ற வணிக நடவடிக்கை. பொய் சொல்லி விற்றதை அந்த ஒற்றைத் தாள் காப்பாற்றாது.

டீலரின் வக்கீல் எங்கே பிடிப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், விசாரிக்காதது வாங்கியவர் தப்பு’ என்பார். ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் தெரியாமல் தவறாகச் சொன்னதற்கும், மூடி மறைத்ததற்கும்தான் அது உதவும். பொய் என்று தெரிந்தே வாய்திறந்து சொன்னவருக்கு உதவாது. அதனால் நுகர்வோர் ஆணையத்தில் போடும் உங்கள் மனுவில் ‘தவறான தகவல்’ என்று மென்மையாக எழுதாமல், தெரிந்தே சொன்ன மோசடி என்றே எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: மனு எழுதுகிறவர் ஆர்வத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றும் சேர்த்துவிடப் போகிறார். அந்தப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும், மாவட்ட ஆணையம் எடுக்காது.

வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு விடாதீர்கள். அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சாட்சியச் சான்றிதழோடு தாக்கல் செய்தால் பின்னால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது.

பெங்களூருக்கு அலையவும் வேண்டாம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு வழிவிடுகிறது, ஆக மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள்; கட்டணம் வெறும் 200 ரூபாய். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு வருடம். அதற்கு முன்னால் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தால் சில டீலர்கள் அங்கேயே இறங்கி வருவார்கள், செலவில்லாத முயற்சி.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்குக் கவலையாக இருக்கிற விஷயம், ஆர்.சி.: கார் வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸுக்கு இன்னும் குறைவு, 14 நாள். மூன்றாம் நபர் காப்பீடு காரோடு தானாக வந்துவிடும்; உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. நாளை ஆண்டிபட்டி கணவாயில் ஒரு லாரி உரசினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். நீங்கள் யாரையாவது இடித்தாலோ, 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொன்னபடி பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ள அந்தப் பழைய ஓனர் தலையில் விழும். அவர் உங்கள்மேல் பாய்வார்.

‘காரைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன், எதற்கு என் பெயருக்கு மாற்ற வேண்டும்?’ என்று யோசிப்பீர்கள். சரியான யோசனைதான். அப்படியானால் இன்றே காரை நிறுத்துங்கள், ஓடோமீட்டரைப் படமெடுங்கள், ‘காரை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நோட்டீஸில் எழுதுங்கள். தேனிக்கும் ஓட்டுவேன், முழுப் பணமும் கேட்பேன் என்றால் எந்த ஆணையமும் முகம் சுளிக்கும். காரை உபயோகித்தபடி பேட்டரிச் செலவும் நஷ்டஈடும் கேட்பதுதான் உங்களுக்கு நடைமுறையில் கைகொடுக்கும் என்பது என் கருத்து. வண்டி இல்லாமல் உங்கள் பிழைப்பு ஓடாது. அதற்கு என்.ஓ.சி.யோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தாமதக் கட்டணமும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டி, பெயரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கார் டீலர் கைக்கு வந்ததும் பதிவு அதிகாரிக்குத் தகவல் போகவேண்டும். உங்கள் டீலர் விஷயத்தில் இவை நடந்தனவா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டு ஓனரிடம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு விற்பவர்கள் இன்றும் உண்டு.

போலீஸ்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம்தான். சிவில் விஷயம் என்று பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். ஆணையத்தில் மனு போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதே பட்ஜெட்டில் தேடும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறேழு லட்சத்தில் ‘ஹைப்ரிட்’ என்று வரும் சியாஸ், எர்டிகா எல்லாம் எஸ்.ஹெச்.வி.எஸ். என்ற அரை ஹைப்ரிட் வகை, மின் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர தனியாகக் காரை ஓட்டாது. அவற்றுக்கு இந்த மூன்று லட்ச பயமும் கிடையாது, அந்த மைலேஜும் கிடையாது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், சிட்டி போன்றவற்றின் முழு ஹைப்ரிட் மாடல் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. அது முதல் ஓனர் வாங்கிய நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விற்பவரைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் பேட்டரி டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக டீலரின் ‘பாதிப் பாதி’ யோசனை. எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம், ஆனால் லோக்கல் ரிப்பேருக்கு ஒப்பாதீர்கள். கம்பெனியில் புது பேட்டரி போட்டு, பில் உங்கள் பெயரில் வந்து, அவர் பங்கு பேங்க் மூலம் வந்தால் யோசிக்கலாம். ‘எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்று ஒரு தாள் நீட்டுவார். பணம் கணக்கில் ஏறும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பேசும்போது அந்த ரொக்கம் 80,000-ஐப் பெற்றதாக ஒரு வரி வாட்ஸ்அப்பில் அவர் வாயிலிருந்தே வரவழைத்துவிடுங்கள். இப்போதைக்கு அதற்கு உங்களிடம் எந்தச் சாட்சியமும் இல்லை.