செயலி பச்சை காட்டுகிறது, புகையோ நெடி அடிக்கிறது

கேள்வி: என் பெட்ரோல் காரின் புகையில் பெட்ரோல் நெடி வருகிறது. காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிக் கைபேசிச் செயலியில் பார்த்தால் மாசு அளவு பச்சையில்தான் நிற்கிறது. எதை நம்புவது?

பதில்: மூக்கை நம்புங்கள். எரியாத ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத எரிபொருள், வெளியேறுகிறது.

உங்கள் காரில் மாசை அளக்கும் சென்சாரே கிடையாது. இருப்பது ஆக்சிஜன் சென்சார். எரிந்தபின் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியது என்பதை மட்டும் அது சொல்லும். மற்றதெல்லாம் செயலி போடும் கணக்கு. எரிபொருள் செலவை வைத்துக் கார்பன் டை ஆக்சைடை ஓரளவு சொல்லிவிடலாம். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவெல்லாம் வெறும் ஊகம்.

யூரியா கரைசல் ஊற்றும் டீசல் வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் உண்மையாகவே உண்டு. ஓபிடி கருவி விற்பவர் அதைக் காட்டித்தான் உங்களை மடக்குவார். அதிலும் குழாய் சூடேறி ஈரம் வற்றிய பிறகே சென்சார் வேலை செய்யும். சென்சாருக்குள் இருக்கும் சூடான பீங்கானில் நீர்த்துளி பட்டால் விரிசல் விடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். வண்டி அதிகம் மாசு கக்கும் முதல் சில நிமிடங்களுக்கு எண்ணே வராது. யூரியாவிலிருந்து நழுவும் அமோனியாவையும் அது நைட்ரஜன் ஆக்சைடாகவே எண்ணிவிடும்.

சரியாக அளக்க, புகைக்குழாய்க்குள் குழல் விட்டு அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வாயுப் பகுப்பாய்வுக் கருவி வேண்டும். இங்கேதான் மோசடி நடக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை அளப்பார்கள். பெட்ரோலில் ஏதோ மருந்தை ஊற்றுவார்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்து, 'பாருங்கள், குறைந்துவிட்டது' என்பார்கள். குறைத்தது மருந்தல்ல, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்; அது சூடேறினால்தான் வேலை செய்யும். இன்னொரு தந்திரம், குழலை நுனியில் மட்டும் செருகுவது. அதனால் முதலில் கார்பன் டை ஆக்சைடைப் பாருங்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் அது 14, 15 சதவீதம் இருக்கும். அது 8க்கு இறங்கி ஆக்சிஜன் ஏறியிருந்தால், பெரும்பாலும் வெளிக்காற்று கலந்திருக்கிறது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

சான்றிதழுக்கான சோதனையும் இதற்குத் தீர்வில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கருவியை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் அளந்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டே, சோதனையின்போது மட்டும் டீசல் கார்களின் மாசைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் குட்டு உடைந்தது. 2017 முதல் ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்குச் சாலைச் சோதனை கட்டாயம். ஆனால் நீங்கள் வாங்கி ஓட்டும் வண்டியை இன்றும் பல நாடுகளில் நிறுத்தி வைத்துத்தான் சோதிக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கூடுவது எஞ்சின் பாரம் இழுக்கும்போது. இது தெரிந்தும் இன்னும் எத்தனை காலம் இப்படியே அளப்பார்கள்?

நன்றாக ஓட்டிச் சூடான வண்டியோடு பட்டறைக்குப் போங்கள். ஐடிலில் ஒன்று, 2500 ஆர்பிஎம்மில் ஒன்று என இரண்டு அளவுகளை அச்சிட்டு வாங்குங்கள். ஹைட்ரோகார்பன் உயர்ந்திருந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரை மாற்றச் சம்மதிப்பது அதற்குப் பிறகுதான்.