ஓட்டில்லாத கைதிகளும் உங்கள் வார்டு எல்லையும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: குடிவந்த சின்ன ஊரில் பெரிய சிறை இருக்கிறது, கைதிகளையும் ஊர் மக்கள்தொகையில் சேர்க்கிறார்களாமே, ஓட்டில்லாதவர்களை வைத்து வார்டு பிரிப்பது எப்படி?

சேர்க்கிறார்கள், உண்மைதான். ஏப்ரல் 1 நிலவரப்படி ஒருவர் வழக்கமாக எங்கே தங்கி உறங்குகிறாரோ, அமெரிக்க சென்சஸ் அவரை அங்கேதான் எண்ணும். கைதிக்கு அது சிறை. ஓட்டுரிமையைப் பார்ப்பதே இல்லை; ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் உங்களையும் அப்படித்தான் எண்ணுவார்கள். ஆனால் உங்கள் தெருவில் பள்ளம் விழுந்தால் கவுன்சிலரைக் கூப்பிடுவீர்கள். கைதிக்கு அந்த ஊரோடு அந்த ஒட்டுறவுகூடக் கிடையாது.

மாநிலத் தொகுதிகள் பெரியவை, அங்கே இந்தக் கணக்குக் கோளாறு ஓரளவு கரைந்துவிடும். கூத்தெல்லாம் உள்ளாட்சியில்தான். அயோவாவின் அனமோசாவில் நான்கு வார்டுகள். ஒவ்வொன்றிலும் சுமார் 1,400 பேர். இரண்டாவது வார்டில் ஏறக்குறைய 1,300 பேர் சிறைக்குள் இருந்தார்கள். வெளியே குடியிருந்தவர்கள் அறுபது பேர்கூட இல்லை; மற்ற வார்டுகளில் 1,400 பேருக்கு இருந்த அதே ஒரு கவுன்சிலர் இவர்களுக்கும். 2005 தேர்தலில் அந்த வார்டில் யாருமே மனுத்தாக்கல் செய்யவில்லை. சீட்டில் பெயர் எழுதிப் போட்ட இரண்டே ஓட்டில் ஒருவர் கவுன்சிலரானார். பிறகுதான் ஊர் முழுதும் சேர்ந்து வாக்களிக்கும் முறைக்கு மாற்றினார்கள்.

உங்கள் ஊர் நிலவரத்தை நீங்களே பார்க்கலாம். சென்சஸ் தளத்தில் 2020 மறுவரையறைத் தரவில் (பி.எல். 94-171) பி5 என்ற அட்டவணையை எடுங்கள். விடுதி, முதியோர் இல்லம், ராணுவ முகாம் போன்ற கூட்டுக் குடியிருப்புகளின் கணக்கு அது. அதில் 'வயது வந்தோர் சிறைகள்' வரியைப் பிளாக் (சென்சஸின் மிகச் சிறிய பகுதி) வாரியாக இறக்கி, வார்டு வரைபடத்தோடு பொருத்தி, வார்டின் மொத்தத்திலிருந்து கழியுங்கள். ஒற்றைப் பிளாக்கின் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். தனியுரிமைக்காக 2020 எண்களில் வேண்டுமென்றே சிறு பிசகு கலந்திருக்கிறார்கள். சிறைத்துறை வெளியிடும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. எளியது, கைதிகளைக் கழித்துவிட்டு வார்டு பிரிப்பது. ஒரு கவுண்டிக்கோ (நம்மூர் மாவட்டம் போன்றது) சிற்றூருக்கோ இதுவே போதும். மற்றது, அவரவர் பழைய வீட்டு முகவரியில் சேர்ப்பது. மேரிலாந்தும் நியூயார்க்கும் 2010இல் இதற்குச் சட்டம் போட்டன. வேலை பெண்டு எடுப்பது இங்கேதான்: சிறைப் பதிவேட்டில் முகவரி பாதிதான் இருக்கும், தபால் பெட்டி எண் இருக்கும், வீடே இல்லாதவர் இருப்பார். நியூயார்க்கில் முகவரி தெரியாதவரை எந்தத் தொகுதியிலும் சேர்ப்பதில்லை.

கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். 2016இல் ஃபுளோரிடாவின் ஜெஃபர்சன் கவுண்டி வரைபடத்தை ஒரு நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டு ரோட் ஐலண்டின் கிரான்ஸ்டன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைதிகளை எண்ணியது சரியென்றது.

நகர மன்றத்தில் இதைக் கிளப்பினால் "மானியம் போய்விடும்" என்பார்கள். போகாது. வார்டு பிரிக்கத் திருத்திய எண்ணிக்கை வரைபடத்துக்கு மட்டும்தான். சென்சஸின் அசல் எண்ணிக்கையை அது தொடுவதில்லை. அடுத்த பிரிப்பு 2030 சென்சஸுக்குப் பிறகு. வரைவு வரும்வரை காத்திருக்காமல், கைதிகளைக் கழித்துத்தான் பிரிப்பது என்ற தீர்மானத்தை முன்பே கேளுங்கள். எல்லைக் கோடு போட்டபின் எந்தக் கவுன்சிலரும் தன் வார்டை விட்டுக்கொடுக்க மாட்டார்.