நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? ஜூலை கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் தரம்சாலா போயிருந்தோம். மெக்லியோட்கஞ்சிலிருந்து த்ரியுண்ட் முகட்டுக்கு ஏறி, இரவு கூடாரத்தில் தங்கி, விடியும்போது தௌலதார் பனிமலையைப் பார்ப்பது திட்டம். ஒரு வருடம் காசு சேர்த்துப் போனோம். கலு தேவி கோயிலைத் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. எங்களில் ஒருவன் “நீங்க போங்கடா, நான் மெதுவா வர்றேன்” என்று பின்தங்கி, வழியில் ஒரு டீக்கடையிலேயே தங்கிவிட்டான். நாங்கள் மூவரும் முழுக்க நனைந்து மேலே போய்ச் சேர்ந்தோம். கூடாரம் ஒழுகியது. வாடகையோ கொள்ளை. காலையில் ஐந்தடி தூரத்தில் நின்றவன் முகம்கூடத் தெரியவில்லை, அப்படி ஒரு மேகமூட்டம். இயற்கை எங்களை ஏமாற்றிவிட்டது என்றுதான் தோன்றியது. எதையும் பார்க்காமல் திரும்பிய பயணத்துக்கு என்ன அர்த்தம் ஐயா? மறுபடி போகலாமா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் நடுவில் ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

இயற்கை யாரையும் ஏமாற்றவில்லை. ஜூலை கடைசியில் தரம்சாலாவுக்குப் போனால் மழைதான் பெய்யும். அந்த ஊரில் வருடத்துக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்த்துவிடும். தௌலதார் படிப்படியாக உயரும் மலை இல்லை. காங்க்ரா பள்ளத்தாக்கிலிருந்து எடுத்த எடுப்பில் கடல்மட்டத்துக்கு 4000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் சுவர் அது. தெற்கிலிருந்து ஏறிவரும் மழைமேகம் நேராக அதில் போய் முட்டுகிறது. நீங்கள் நின்ற த்ரியுண்ட், சுமார் 2850 மீட்டர் உயரத்தில், அந்தச் சுவருக்கு நேர் முன்னால் இருக்கும் புல்மேடு. அங்கே ஜூலையில் மேகத்துக்குள்தான் நிற்க முடியும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும். அப்போது போங்கள். கூடார வாடகையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பயணத்தின் அர்த்தம் என்ன என்பதற்கும் இப்போது பதில் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. திருப்பூர்க்காரர்கள் நீங்கள், பருத்தி பனியனைத்தான் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். மலைமழையில் பருத்தி ஆகாது. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை எல்லாம் வாங்கிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும்.

சரி, அந்த வரி. “நீங்க போங்கடா, நான் மெதுவா வர்றேன்.”

இதை நான் நன்றாக அறிவேன். 2011 செப்டம்பர் கடைசியில் அதே பாதையில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். மூத்தவருக்கு ஐம்பத்து மூன்று வயது. என்னோடு வேலை பார்த்தவர், எனக்கு அண்ணன். பருவமழை முடிந்திருக்க வேண்டிய சமயம், ஆனால் அன்று மதியத்துக்கு மேல் பிடித்துக்கொண்டது. ஓக் மரங்களுக்கு நடுவே பாறைப்படிகளில் தண்ணீர் ஓடிவந்தது. கடைசியில் வரும் இருபத்திரண்டு வளைவுகளுக்குச் சற்றுக் கீழே அவர் நின்று, முழங்காலில் கைவைத்து, “நீங்க போங்க தம்பி, நான் மெதுவா வர்றேன்” என்றார்.

நாங்கள் போய்விட்டோம். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி என் வேகத்தில் நடக்கலாம் என்ற நிம்மதி. அது இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

மேலே போய் டீ குடித்தோம், மேகி சாப்பிட்டோம், சட்டையைப் பிழிந்து அடுப்பருகே காயப் போட்டோம். ஒரு மணி நேரம் போனது. இருட்டிவிட்டது. அவர் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஐந்தாறு வளைவுகள் கீழே, பாறை முன்தள்ளி நிற்கும் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குந்தியிருந்தவர் ஒரு இடையர், கத்தி (Gaddi) என்னும் மலைவாழ் இனத்தவர். முழங்கால் வரை தொங்கும் சோளா என்னும் கம்பளி அங்கி, இடுப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கறுப்புக் கம்பளிக் கயிறு. அந்தக் கயிற்றுக்கு மேலே, சோளாவின் மடிப்பிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். நடக்க முடியாத குட்டிகளை அவர்கள் அப்படித்தான் சுமக்கிறார்கள். கோடையில் மந்தையை ஓட்டிக்கொண்டு 4300 மீட்டருக்கு மேலிருக்கும் இந்த்ரஹார் கணவாயைக் கடந்து சம்பா பக்கம் போகிறவர்கள், குளிருக்கு முன்னால் காங்க்ராவுக்கு இறங்குவார்கள். இவர் இறங்கிக்கொண்டிருந்தார். மகனும் நாயும் மந்தையோடு முன்னால் போய்விட்டார்கள். இவர் கடைசி.

தன் கம்பளிப் போர்வையை அண்ணனுக்குச் சுற்றியிருந்தார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணன் நடுங்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அது எவ்வளவு பெரிய அறியாமை என்று பிறகுதான் தெரிந்தது. உடம்பின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கினாலே உடம்பு நடுங்கும், அது தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் பார்க்கிறது. இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். அதுதான் அபாயம். அண்ணனின் மழைக்கோட்டில் மேல் இரண்டு பொத்தான்களும் திறந்திருந்தன. விரல்கள் அதையே தடவிக்கொண்டிருந்தன, பொத்தான் துளைக்குள் போகவில்லை. “நல்லாத்தான் இருக்கேன்” என்றார், குடித்தவர் பேசுவதுபோல நாக்கு குழறி.

இடையர் எங்களைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார், இந்தியில். உங்களில் பின்னால் வந்தது யார்?

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் யாருமே வரவில்லை.

ம., ஒரு கூட்டம் மலையேறும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, பதினைந்து நிமிடம் இளைப்பாறுகிறார்கள். பின்தங்கியவர் மூச்சு இரைக்க வந்து சேருகிறார். “வந்துட்டியா, சரி கிளம்பலாம்” என்று எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். நாள் முழுக்க இதேதான். நன்றாக நடப்பவனுக்குப் பத்து முறை ஓய்வு, அதிகம் களைத்தவனுக்கு ஒரு முறைகூட இல்லை. இது போதாதென்று தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்ற வெட்கம் வேறு. அந்த வெட்கத்தில்தான் “நீங்க போங்க” வருகிறது. அதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறோமே, அவர் தன் உடம்பு முடியவில்லை என்று சொல்ல வேறு வார்த்தை இல்லாமல் சொன்னது அது. நம் வீடுகளில் அம்மாக்கள் “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்” என்பார்களே, அதே குரல்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். எல்லோரும் அவர் வேகத்தில் நடங்கள். நன்றாக நடப்பவர் ஒருவர் கடைசியில் வரட்டும். அந்த வேகத்தில் முகட்டைத் தொட முடியாது என்றால் எல்லோருமாகத் திரும்புங்கள். இதில் பேரம் பேச இடமே இல்லை. நான்கு பேராகக் கிளம்பி மூன்று பேராகப் போய்ச் சேர்ந்துவிட்டு, பனிமலை தெரியவில்லை என்று வருத்தப்படுகிறீர்களே! எனக்குக் கோபம் வந்தது, உண்மையாகவே. இரண்டாம் முறை படித்தபோது கடிதத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அன்று அண்ணனை இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, இடையர் முன்னால் வழிகாட்ட, மேலே கடைக்குக் கொண்டுபோனோம். ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த கம்பளி சுற்றி, சர்க்கரை நிறையப் போட்ட டீயைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பற்கள் கிடுகிடுத்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். இடையர் போர்வையை வாங்கி உதறிப் போட்டுக்கொண்டு, குட்டியைச் சோளாவுக்குள் சரிசெய்துவிட்டு, மழையில் இறங்கிப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை வானம் வெளுத்து தௌலதார் முழுதாகத் தெரிந்ததாம். கடைக்காரர் சொன்னார். நான் உள்ளே அண்ணனின் கால்விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தில் உங்கள் நண்பர் எப்போது கீழே இறங்கினார், தனியாகவா இறங்கினார், நனைந்திருந்தாரா, மாற்றுத்துணி அவர் பையில் இருந்ததா என்று எதுவுமே இல்லை. ஒழுகிய கூடாரத்துக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு ஒரு வரி. உங்களுக்குக் கெட்ட மனம் என்று நான் நினைக்கவில்லை. கெட்ட மனம் இருந்தால் அந்த ஒரு வரியையும் எழுதியிருக்க மாட்டீர்கள். அது உங்களை எங்கேயோ உறுத்துகிறது, அதனால்தான் எழுதினீர்கள்.

இதைப் படித்ததும் அவரைக் கூப்பிடுங்கள். அந்த டீக்கடையில் ராத்திரி என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.